படித்து முடித்த புத்தகத்தை வைத்துக்கொள்வதா, கொடுத்துவிடுவதா? முடிவெடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சி முடிந்த கையோடு பல வீடுகளில் அலமாரிக்கு முன்னால் ஒரு வாக்குவாதம் தொடங்கிவிடும். புதிதாக வாங்கியவற்றுக்கு இடமில்லை. பழையதில் ஒன்றை எடுக்கலாம் என்று கை வைத்தால் மனசு வருவதில்லை. நண்பர்கள், உறவினர்கள் வீட்டு அலமாரிகளைக் காலி செய்ய உதவியதிலும், குடியிருப்பு நூலகத்துக்கு வந்து சேரும் அட்டைப்பெட்டிகளைப் பிரித்ததிலும் திரும்பத் திரும்பக் கண்ட சிக்கல்களை வைத்து இதை எழுதுகிறேன்.

ஏறக்குறைய எல்லோரும் "இது எனக்குப் பிடித்ததா?" என்ற கேள்வியோடு ஆரம்பிக்கிறார்கள். கடைசிப் பக்கம் வரை படித்த புத்தகம் என்றால் பெரும்பாலும் பிடித்துத்தான் இருக்கும். அதனால் எதுவுமே வெளியே போகாது. முதலில் கேட்க வேண்டியது "கொடுத்துவிட்டால் திரும்பக் கிடைக்குமா?" என்பது. இந்த ஒரு கேள்வியை முன்னால் கொண்டுவந்தாலே பாதி அலமாரிக்கு விடை கிடைத்துவிடும். ஆனால் அதற்கும் முன்பு செய்ய வேண்டிய வேலைகள் சில உண்டு.

1. தொடங்கும் முன் எடுத்து வைக்க வேண்டியவை

உலர்ந்த பருத்தித் துணி, முகக்கவசம், பென்சில், ஒரு நோட்டு, தடித்த மார்க்கர், அட்டைப்பெட்டிகள். இவை போதும்.

பெட்டி சிறியதாக இருக்கட்டும். ஜெராக்ஸ் கடையில் ஏ4 தாள் கட்டுகள் வரும் பெட்டியைக் கேட்டால் கொடுப்பார்கள். டிவி, மிக்சி வந்த பெரிய பெட்டிகளை நிரப்பினால் தூக்கும்போது அடி பிய்த்துக்கொள்ளும். காகிதம் அவ்வளவு கனம்.

மழைக்காலத்தில் இறங்காதீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் காற்றின் ஈரத்தைத் தாள் இழுத்துக்கொள்ளும். அந்த நிலையில் பெட்டியில் அடைத்து டேப் ஒட்டினால் பூஞ்சை பிடிக்கும். தை முதல் பங்குனி வரை நல்ல காலம்.

அன்றைக்குப் படிப்பதில்லை என்று முடிவு செய்துகொள்ளுங்கள். ஒரு புத்தகத்தைத் திறந்து இரண்டு பக்கம் படித்தால் பொழுது சாய்ந்துவிடும். தரை முழுக்கப் புத்தகம் கிடக்கும். ராத்திரி படுக்க இடம் வேண்டுமே என்று எல்லாம் பழையபடி அலமாரிக்கே போகும். நான் பார்த்த தோல்விகளில் பாதி இப்படித்தான்.

2. போய்ச் சேரும் இடத்தை முதலில் பிடியுங்கள்

புத்தகத்தைப் பிரித்த பிறகு யாருக்குக் கொடுக்கலாம் என்று யோசிப்பதுதான் வழக்கம். அதைத் தலைகீழாகச் செய்யுங்கள். முகவரி இல்லாத பெட்டி கட்டிலுக்கு அடியில் போய் உட்கார்ந்துவிடும். ஆறு மாதம் கழித்து யாரோ அதைத் திறப்பார்கள், "அட, இது இங்கேயா இருக்கு?" என்பார்கள், பாதி திரும்ப மேலே ஏறும்.

குறைந்தது மூன்று இடங்களிடமாவது முன்கூட்டியே பேசிவிடுங்கள்: பக்கத்துக் கிளை நூலகம், ஒரு பள்ளி அல்லது விடுதி, ஒரு பழைய புத்தகக் கடை. "என்ன மாதிரிப் புத்தகம் வேண்டும், எவ்வளவு எடுத்துக்கொள்வீர்கள், எந்த நாளில் கொண்டுவரலாம்?" என்று மட்டும் கேளுங்கள். பதிலை நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள்.

இதில் இன்னொரு லாபமும் உண்டு. ஒரு விடுதியில் பிளஸ் டூ மாணவிகள் நாவல் கேட்கிறார்கள் என்று தெரிந்துவிட்டால் கையில் இருக்கும் நாவலை விடுவது சுலபம். 'கழிப்பது' என்கிற நினைப்பு போய் 'அனுப்புவது' என்று ஆகிவிடும்.

3. உங்களுடையது எது என்று பிரியுங்கள்

எந்த வீட்டு அலமாரியிலும் நான்கு பேருடைய புத்தகங்கள் கலந்து கிடக்கும். முதலில் இரவல் வாங்கியவற்றை எடுங்கள். முதல் பக்கத்தில் வேறொருவர் பெயர் இருந்தால் அது தானக் கணக்கில் வராது. அவருக்குப் போன் செய்துவிட்டுத் திருப்பிக் கொடுங்கள். நூலக முத்திரை உள்ளவையும் அப்படித்தான். பல ஆண்டுகள் கழித்துக் கொண்டுபோனால் திட்டு விழுமே என்று பயந்து அவற்றை வேறொரு நூலகத்துக்கு 'நன்கொடை' தருகிறவர்கள் உண்டு. வேண்டாம்.

மனைவி, கணவர், பிள்ளைகள் ஆகியோரின் புத்தகங்களில் அவர்களைக் கேட்காமல் கை வைக்காதீர்கள். குழந்தைகள் விஷயத்தில் இது இன்னும் முக்கியம். மூன்று வயதுப் படக்கதையைப் பத்து வயதுப் பிள்ளை தொடுவதே இல்லை என்று நாம் நினைப்போம். கொடுத்த மறுநாள் அதைத்தான் தேடும்.

காலமான அப்பா, தாத்தா சேர்த்தவற்றைத் தனியே ஒதுக்கிக் கடைசிக்கு வைத்துவிடுங்கள். உடன்பிறந்தவர்கள் இருந்தால் அவர்களுக்கும் சொல்லிவிட்டு எடுங்கள். சொத்துத் தகராறு வராத குடும்பத்தில்கூட அப்பாவின் புத்தகம் எங்கே போயிற்று என்று மனத்தாங்கல் வந்ததைப் பார்த்திருக்கிறேன்.

4. சுலபமான வகையில் ஆரம்பியுங்கள்

முழு அலமாரியையும் ஒரேயடியாகத் தரையில் இறக்காதீர்கள். ஒரு தட்டு முடிந்த பிறகு அடுத்தது. அதிலும் மனசு ஒட்டாத வகைகளில் தொடங்குங்கள். நாவலில் தொடங்கினால் பத்தாவது புத்தகத்திலேயே களைத்துப்போவீர்கள்.

முதலில் காலாவதியாகும் நூல்கள். வருட வாரியான பொது அறிவுத் தொகுப்புகள், பழைய நுழைவுத் தேர்வு கையேடுகள், பல பதிப்பு பின்தங்கிய மென்பொருள் புத்தகங்கள். இவற்றை நூலகத்துக்கும் கொடுக்காதீர்கள், பழைய பேப்பர்காரருக்குத்தான். தவறான தகவலை நம்பி ஒரு பிள்ளை படித்துவிடக் கூடாது.

சட்டப் புத்தகங்களில் கூடுதல் கவனம் வேண்டும். 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்துவிட்டது. குற்றவியல் நடைமுறைச் சட்டமும் சாட்சியச் சட்டமும் அப்படியே மாறின. அந்தத் தேதிக்கு முன் நடந்த குற்றங்களின் வழக்குகளுக்குப் பழைய சட்டம் தேவைப்படுவதால், பழைய உரைநூல்களை வழக்கறிஞர் ஒருவரிடம் கேட்டுக் கொடுக்கலாம். பொது நூலகத்துக்கோ மாணவருக்கோ கொடுத்தால் குழப்பம்தான்.

பள்ளிப் பாடநூல்களில் ஒரு விதிவிலக்கு உண்டு. தமிழ்நாட்டில் 2018-19 கல்வியாண்டு முதல் படிப்படியாகப் புதிய பாடநூல்கள் வந்தன. அதற்கு முந்தைய சமச்சீர்க் கல்விப் புத்தகங்கள் பள்ளிப் பிள்ளைக்கு உதவாது. ஆனால் டிஎன்பிஎஸ்சி தேர்வுக்குப் படிப்பவர்கள் பலர் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை பழையதையும் புதியதையும் சேர்த்தே படிக்கிறார்கள். தமிழ், வரலாறு, அறிவியல் நூல்கள் கிழியாமல் இருந்தால் அவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

5. 'திரும்பக் கிடைக்குமா?' என்பதற்கு உள்பக்கத்தைப் பாருங்கள்

இப்போது கதை, கட்டுரை, கவிதை, வரலாறு என்று உண்மையான அலமாரிக்கு வருவோம். ஒவ்வொரு புத்தகத்திலும் தலைப்புப் பக்கத்துக்குப் பின்பக்கத்தைத் திருப்புங்கள். பழைய தமிழ் நூல்களில் அந்தப் பக்கத்தைப் பார்ப்பதே ஒரு சுகம்: பதிப்பு, ஆண்டு, தாளின் எடை, அளவு கிரவுனா டெமியா, எழுத்து எத்தனை புள்ளி, எந்த அச்சகம் என்று ஒன்று விடாமல் போட்டிருப்பார்கள். நமக்கு மூன்று போதும்: எத்தனையாவது பதிப்பு, எந்த ஆண்டு, பதிப்பகம் இன்னும் நடக்கிறதா.

பத்துப் பதினைந்து பதிப்பு கண்ட நூல் என்றால் கவலையே இல்லை. நாளைக்கே மறுபடி வாங்கலாம். ஒரே பதிப்போடு நின்றுபோன சிறு பதிப்பக நூல் அப்படியல்ல. தமிழில் பல நூல்கள் சில நூறு பிரதிகளுக்கு மேல் அச்சாவதில்லை. விற்றுத் தீர்ந்த பிறகு மறுபதிப்பு வராமல் போனவை ஏராளம். ஆகவே, நீங்கள் ஆசை ஆசையாகப் படித்த பிரபலமான நாவலைத் தைரியமாகக் கொடுத்துவிடலாம்; சுமாராக இருந்தது என்று ஓரமாக வைத்த வட்டார வரலாற்று நூலைத்தான் யோசித்துக் கொடுக்க வேண்டும். இங்கேதான் புதியவர்கள் எல்லோரும் நேர்மாறாகச் செய்கிறார்கள்.

நாட்டுடைமை ஆக்கப்பட்ட எழுத்தாளர்களின் நூல்களை எந்தப் பதிப்பகமும் அச்சிடலாம். இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி ஆசிரியர் இறந்து 60 ஆண்டுகள் கடந்த நூல்களும் அதே நிலைக்கு வந்துவிடும். இவற்றில் பெயர் பெற்றவை எப்போதும் சந்தையில் இருக்கும். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும், 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டம் என்ற இணைய நூல் தொகுப்பிலும் இலவசமாகவே கிடைப்பவை நிறைய. இலங்கைத் தமிழ் வெளியீடு என்றால் நூலகம் நிறுவனத்தின் இணையதளத்தில் தேடுங்கள்.

தேடும்போது ஒரு எச்சரிக்கை. நூலின் பெயர் கிடைத்தாலே போதும் என்று விட்டுவிடாதீர்கள். பழந்தமிழ் இலக்கியங்களில் பதிப்புக்குப் பதிப்பு பெரிய வேறுபாடு உண்டு. உங்களிடம் இருப்பதில் நல்ல உரை, பாடவேறுபாட்டுக் குறிப்பு (சுவடிக்குச் சுவடி சொல் மாறுவதைக் காட்டுவது), பொருளகராதி இருக்கிறதா என்று பாருங்கள். மலிவுப் பதிப்புகளில் முதலில் வெட்டப்படுவது இவைதான். மூலம் இணையத்தில் கிடைக்கலாம், அந்த உரை கிடைக்காது. அப்படிப்பட்டதை வைத்துக்கொள்ளுங்கள்.

டெலிகிராம் குழுவில் பிடிஎஃப் சுற்றுகிறது என்பதைக் 'கிடைக்கும்' கணக்கில் சேர்க்காதீர்கள். உரிமை உள்ள நூலைத் திருட்டுத்தனமாக நகலெடுப்பது தவறு என்பது ஒரு பக்கம். அதில் பாதிக்குப் பாதி பக்கம் விடுபட்டு, ஓரம் வெட்டுப்பட்டுத்தான் இருக்கும்.

6. 'மறுபடி எடுப்பேனா?' என்பதற்கு ஆசையைக் கேட்காதீர்கள்

"கண்டிப்பா இன்னொரு தடவை படிப்பேன்" என்று எல்லோரும் சொல்வோம். அந்தப் பேச்சை நம்பாமல் தடயத்தைப் பாருங்கள். மேல் விளிம்பில் தூசி எவ்வளவு? அடிக்கோடு, பக்கக்குறிப்பு ஏதாவது உண்டா? படித்த பிறகு யாரிடமாவது அதிலிருந்து எதையாவது சொன்னீர்களா? கடைசியாக எடுத்தது எப்போது என்று நினைவுக்கே வரவில்லை என்றால் விடை தெரிந்துவிட்டது.

மறுபடி எடுப்பது என்றால் முழுதாகப் படிப்பது மட்டும் இல்லை. அகராதி, சமையல் நூல், செடி வளர்ப்புக் கையேடு, கவிதைத் தொகுப்பு இவற்றை யாரும் முதலிலிருந்து கடைசி வரை இரண்டாம் முறை படிப்பதில்லை. நடுவில் ஒரு பக்கம் வேண்டும் என்று எடுப்போம். இந்த வகைக்கு அலமாரியில் இடம் தாராளமாகக் கொடுக்கலாம். மர்ம நாவல் நேர் எதிர். கொலைகாரன் யார் என்று தெரிந்த பிறகு பலர் அதைத் தொடுவதில்லை.

இரண்டு கேள்விகளையும் சேர்த்துப் பாருங்கள். கிடைக்கும், எடுக்கமாட்டேன் என்றால் கொடுத்துவிடுங்கள். கிடைக்காது, எடுப்பேன் என்றால் வைத்துக்கொள்ளுங்கள், இரவலும் கொடுக்காதீர்கள். கிடைக்கும், எடுப்பேன் என்றால் இடம் இருக்கும்வரை இருக்கட்டும். கிடைக்காது, நானும் எடுக்கமாட்டேன் என்கிற வகைதான் சிக்கலானது.

7. அவசரப்படக் கூடாதவை

நமக்குப் பயன்படாது, ஆனால் வேறெங்கும் கிடைக்காது. இந்த வகை நூல்கள்தான் அதிகமாகப் பேப்பர் கடைக்குப் போகின்றன. பார்க்கவும் அழுக்காக, அட்டை இல்லாமல், தாள் பழுத்துப்போய் இருக்கும் என்பதால் யாரும் யோசிப்பதில்லை.

முதலாவது, பைண்டு செய்த தொடர்கதைகள். வாரப் பத்திரிகையில் வந்த தொடரை வாராவாரம் கிழித்துச் சேர்த்து, ஊசி நூலால் தைத்து, காலிகோ என்ற பைண்டிங் துணியை ஒட்டி வைத்திருப்பார்கள் பாட்டியும் அத்தையும். அந்த நாவல்தான் புத்தகமாகக் கிடைக்கிறதே என்று தூக்கிப் போடாதீர்கள். தொடருக்கு வரைந்த ஓவியங்கள் பல நூல்வடிவில் வருவதில்லை. பின்பக்கத்தில் ஒட்டிக்கொண்டு வந்த துணுக்கு, சோப்பு விளம்பரம், சினிமாச் செய்தி எதுவுமே வராது. ஆய்வாளர்கள் தேடுவது அந்தப் பின்பக்கத்தையும் சேர்த்துத்தான்.

இரண்டாவது, மலர்கள். கோயில் கும்பாபிஷேக மலர், பள்ளி நூற்றாண்டு மலர், தொழிற்சங்க மாநாட்டு மலர், ஊர் நூலக ஆண்டு மலர். இவை கடைக்கு வந்தவை இல்லை. விழாவுக்கு வந்தவர்களுக்குக் கொடுத்ததோடு சரி. ஒரு ஊரின் கடைகள், மனிதர்கள், புகைப்படங்கள் வேறெங்கும் பதிவாகாமல் இதில் மட்டும் இருக்கக்கூடும். தலபுராணம், குலவரலாறு, ஊர் வரலாறு என்று தனியார் அச்சிட்டவையும் இதே வகை.

மூன்றாவது, சிற்றிதழ்கள். நாலைந்து இதழோடு நின்றவையும் உண்டு. நடுவில் ஒரு இதழ் இல்லை என்பதால் பயனில்லை என்று நினைக்காதீர்கள். வேறொருவரிடம் இல்லாத இதழ் உங்களிடம் இருக்கலாம்.

இவற்றுக்குப் போகும் இடம் இருக்கிறது. சென்னை தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், செட்டிநாட்டுக் கோட்டையூரில் ஒருவர் தனியாகச் சேர்த்த தொகுப்பை அடிப்படையாக வைத்து 1994-இல் தொடங்கப்பட்டது. தமிழ் அச்சு நூல்களையும் இதழ்களையும் பாதுகாத்து மின்னுருவாக்கும் இடம். புதுக்கோட்டையில் ஞானாலயா ஆய்வு நூலகம் முதற்பதிப்புகளுக்குப் பெயர் பெற்றது. மூட்டையைத் தூக்கிக்கொண்டு நேரே போய் நிற்காதீர்கள். தலைப்பு, ஆசிரியர், ஆண்டு, பதிப்பகம் ஆகியவற்றைப் பட்டியலிட்டு, அட்டையைப் படம் எடுத்து முதலில் அனுப்புங்கள். அவர்களிடம் இல்லாததை மட்டும் கேட்பார்கள்.

ஓலைச்சுவடி கிடைத்தால் எண்ணெய் தடவுவது, கட்டை அவிழ்ப்பது எதுவும் வேண்டாம். சென்னையில் அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம், தஞ்சையில் சரசுவதி மகால் நூலகம் என்று சுவடிக்கென்றே இடங்கள் உள்ளன. அங்கே கேளுங்கள்.

எழுத்தாளர் கையெழுத்திட்டுக் கொடுத்த பிரதி கடைசிச் சங்கடம். தமிழ் இலக்கிய உலகம் சின்னது. "அன்புள்ள இன்னாருக்கு" என்று எழுதிய பிரதி நடைபாதைக் கடைக்கு வந்தால் எப்படியோ எழுதியவர் கண்ணிலேயே பட்டுவிடும். அதற்குப் பயந்து அந்தப் பக்கத்தைக் கிழிப்பது இன்னும் மோசம். புத்தகமும் கெட்டது, கிழித்ததும் தெரியும். அவர் எழுத்தை விரும்பும் நண்பருக்கு நேரில் கொடுங்கள். அல்லது வைத்துக்கொள்ளுங்கள், என்ன, இரண்டு அங்குல இடம்தானே.

8. முடிவு வராதவற்றுக்கு ஒரு பெட்டி

ஒரு புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு நிமிஷத்துக்கு மேல் யோசிக்கிறீர்கள் என்றால் நிறுத்துங்கள். அதைச் சந்தேகப் பெட்டியில் போடுங்கள். பெட்டியின் மேல் இன்றைய தேதியையும், ஆறு மாதம் கழித்து வரும் தேதியையும் மார்க்கரால் எழுதி மூடுங்கள்.

இடையில் எதையாவது தேடி எடுத்தால் அது அலமாரிக்குத் திரும்பட்டும். தேதி வந்ததும் மிச்சத்தை அனுப்பிவிடலாம், அப்போது மறுபடி ஒவ்வொன்றாகப் புரட்டாதீர்கள். ஒரே பெட்டிதான் என்பதும் விதி. இரண்டாவது பெட்டி வந்தால் நீங்கள் முடிவெடுப்பதைத் தள்ளிப்போடுகிறீர்கள்.

9. கொடுக்கும் முன் செய்ய வேண்டியவை

புத்தகத்தின் முதுகைப் பிடித்துக் கவிழ்த்து மெதுவாக உதறுங்கள். எல்ஐசி ரசீது, பழைய கடிதம், பாஸ்போர்ட் அளவுப் படம், பத்து ரூபாய் நோட்டு, மயிலிறகு எல்லாம் விழும். அதிலும் ஆதார் நகல், வங்கி விவரம் இருந்தால் அது வேறு கைக்குப் போகக் கூடாது.

உங்கள் பெயரை அழிக்க வேண்டியதில்லை. தொலைபேசி எண்ணும் வீட்டு முகவரியும் இருந்தால் அதன்மேல் ஒரு வெள்ளைத் தாளை ஒட்டுங்கள். பேனாவால் கிறுக்கி அழித்தால் அசிங்கமாக இருக்கும், எதிர்ப்பக்கத்திலும் ஊறும்.

தூசியை உலர்ந்த துணியால் முதுகிலிருந்து வெளிப்பக்கமாகத் துடையுங்கள். ஈரத்துணி வேண்டாம். உச்சி வெயிலில் விரித்துக் காயவைக்கும் பழக்கமும் வேண்டாம், தாள் பழுத்து மொறமொறப்பாகிவிடும். காற்றோட்டமான நிழல் போதும். கிழிந்த இடத்தில் செலோ டேப் ஒட்டாதீர்கள். சில வருடத்தில் டேப் உரிந்துவிடும், அதன் பசை மஞ்சள் கறையாக நிற்கும்.

வட்ட வட்டத் துளைகள், மாவு போன்ற தூள், மண் தடம் தெரிந்தால் அந்தப் புத்தகத்தைத் தனியே எடுங்கள். கரையானும் ராமபாணப் பூச்சியும் உள்ள ஒரே ஒரு புத்தகம் போதும், போய்ச் சேரும் நூலகத்தின் அலமாரியைக் கெடுக்க. நூலகர்கள் தனியார் நன்கொடைக்குத் தயங்க இதுவும் ஒரு காரணம்.

10. எது எங்கே போகும்

முதல் தேர்வு எப்போதும் ஒரு தனி மனிதர். இந்தக் கதை இன்னாருக்குப் பிடிக்கும் என்று தோன்றினால் அவருக்குக் கொடுங்கள். ஒன்று அல்லது இரண்டு, அதற்கு மேல் வேண்டாம். மூட்டையாகக் கொடுத்தால் அது அவர் வீட்டுப் பிரச்சினையாகிவிடும். கொடுத்த பிறகு பார்க்கும்போதெல்லாம் "படிச்சாச்சா?" என்று கேட்டு அவர் உயிரை எடுக்காதீர்கள்.

கிளை நூலகத்துக்கு நல்ல அட்டையுள்ள நாவல்கள், சிறுவர் நூல்கள், நடப்புத் தேர்வு நூல்கள் போகலாம். நூலகரிடம் பட்டியலைக் காட்டி, அவர் டிக் செய்ததை மட்டும் எடுத்துச் செல்லுங்கள். ஒவ்வொரு நூலையும் பதிவேட்டில் ஏற்றி, எண் போட்டு, முத்திரை குத்த வேண்டியவர் அவர். "அப்பா பெயரில் தனி அலமாரி வையுங்கள்" என்று நிபந்தனை போடாதீர்கள். இருக்கும் நூல்களுக்கே இடம் போதாத கிளைகள் அவை.

அரசுப் பள்ளி என்றால் தலைமையாசிரியரிடம் பேசுங்கள். பிள்ளைகள் படிக்கக்கூடியதை மட்டும் கொடுங்கள். பெரியவர்களுக்கான மாத நாவலையும் பழைய வார இதழையும் பள்ளிக்குத் தள்ளிவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. ஆதிதிராவிடர் நல விடுதி, பிற்படுத்தப்பட்டோர் நல விடுதிகளில் தங்கிப் படிக்கும் மாணவர்களுக்கு அகராதி, தேர்வு நூல், நல்ல நாவல் மூன்றுமே தேவைப்படும். காப்பாளரிடம் கேட்டுவிட்டுக் கொண்டுபோங்கள்.

சிறைச்சாலைகளிலும் நூலகம் உண்டு. தமிழ்நாடு சிறைத்துறை 2023 சென்னைப் புத்தகக் காட்சியில் சிறைவாசிகளுக்காகப் புத்தகங்களை நன்கொடையாகப் பெற அரங்கே அமைத்தது. அலமாரியில் வரலாறும் தன்வரலாறும் அதிகம் இருந்தால் இதை நினைவில் வையுங்கள்.

பழைய புத்தகக் கடைகளுக்கு வருவோம். சென்னையில் திருவல்லிக்கேணி பாரதி சாலை, மயிலாப்பூர் லஸ், 1985 தீ விபத்துக்குப் பிறகு மூர் மார்க்கெட் கடைகள் இடம் மாறிய அல்லிக்குளம் வளாகம், கோவையில் உக்கடம். அட்டைவிலையில் பாதி கிடைக்கும் என்று போகிறவர்கள் எரிச்சலோடு திரும்புவார்கள். கடைக்காரர் மொத்தமாகத்தான் விலை பேசுவார். அதில் எத்தனை விற்கும், எத்தனை வருஷம் தூசி தின்னும் என்பது அவர் கணக்கு. பணத்துக்காகப் போகாதீர்கள்; சரியான வாசகர் கையில் போய்ச் சேரும் என்பதற்காகப் போங்கள். பழைய மாத நாவல்களுக்கு இதைவிட நல்ல இடம் இல்லை.

மீதி பழைய பேப்பர் கடைக்கு. இங்கே பலருக்குக் கை நடுங்கும். காலில் பட்டாலே கண்ணில் ஒற்றிக்கொள்ளும் பழக்கத்தில் வளர்ந்தவர்கள் எடைக்குப் போட மாட்டேன் என்று கோயில் மரத்தடியில் வைத்துவிட்டு வருவார்கள். இரண்டு மழையில் அது சகதியாகும், கூட்டுகிறவருக்கு வேலை. பூச்சி அரித்ததும் காலாவதியானதும் எடைக்குப் போனால் ஆலையில் கூழாகி மறுபடி தாளாக வரும். அதில் குறை ஒன்றும் இல்லை. நல்ல நிலையில் உள்ள பாராயண நூல்களை மட்டும் பஜனை மடத்திலோ கோயிலிலோ கேட்டுக் கொடுக்கலாம்.

11. கட்டுவதும் அனுப்புவதும்

பெட்டியில் புத்தகங்களைப் படுக்கை வாட்டத்தில் அடுக்குங்கள். பெரியது அடியில். இடைவெளியில் செய்தித்தாளைச் சுருட்டித் திணியுங்கள். ஆடினால் முனை மடங்கும். ஒருவர் தூக்க முடியாத எடைக்கு நிரப்பாதீர்கள். உள்ளே ஒரு பட்டியல், வெளியே ஒரு பட்டியல் ஒட்டுங்கள். வாங்குகிறவர் பெட்டியைக் கொட்டாமலே முடிவு செய்யலாம்.

வெளியூருக்கு அஞ்சலில் அனுப்ப, முன்பு இருந்த பதிவு நூல் அஞ்சல் 2024 டிசம்பரில் நிறுத்தப்பட்டது. அதன்பின் 2025 மே 1 முதல் ஞான் போஸ்ட் என்ற சேவையை அஞ்சல் துறை தொடங்கியது. தொடக்கக் கட்டணம் 300 கிராம் வரை 20 ரூபாய், 5 கிலோவுக்கு 100 ரூபாய், வரி தனி. அச்சிட்டவர் அல்லது பதிப்பாளர் பெயர் உள்ள நூல்களுக்குத்தான் இது. பருவ இதழ்களை இதில் அனுப்ப முடியாது. கவுண்டரில் இன்றைய கட்டணத்தைக் கேட்டுவிட்டு, ஐந்து கிலோவுக்குள் பிரித்துக் கட்டுங்கள்.

பெட்டி கட்டிய அதே வாரத்தில் வீட்டை விட்டுப் போக வேண்டும். வாசலில் இருக்கும் பெட்டியை வருகிறவர் போகிறவர் எல்லாம் திறந்து பார்ப்பார்கள். "இதைப் போயா கொடுக்கறீங்க?" என்று ஒருவர் கேட்டால் போதும்.

12. இனி வரும் புத்தகங்களுக்கு

இவ்வளவு பெரிய வேலையை ஆண்டுதோறும் செய்யாமல் இருக்க, படித்து முடித்த அன்றே பென்சிலால் கடைசிப் பக்கத்தின் மூலையில் ஒரு எழுத்துப் போடுங்கள்: 'வை', 'கொ', 'யோ'. வைப்பது, கொடுப்பது, யோசிப்பது. படித்த சூடு ஆறுவதற்குள் எடுக்கும் முடிவு பெரும்பாலும் சரியாக இருக்கும். 'கொ' என்று எழுதியதை அலமாரிக்குள் வைக்காதீர்கள். செருப்பு மாட்டும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு பையில் போட்டால் யார் வீட்டுக்காவது போகும்போது கையோடு எடுத்துப் போகலாம்.

இரவல் கொடுப்பதற்கும் ஒரு வழி வையுங்கள். வாங்குகிறவர் கையில் புத்தகத்தோடு ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். நோட்டில் எழுதுவதைவிட இது நிற்கும், கேட்பதற்கும் கூச்சம் இருக்காது. திரும்பி வரவில்லையே என்று புலம்பக்கூடிய புத்தகத்தை இரவலே கொடுக்காதீர்கள்.

வைத்துக்கொள்வதில் அரியவை எவை, உங்களுக்குப் பிறகு அவை எந்த நூலகத்துக்குப் போக வேண்டும் என்பதை ஒரு தாளில் எழுதி அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள். பிள்ளைகளுக்குப் பேப்பர் கடைக்காரரின் எண் கட்டாயம் தெரிந்திருக்கும், ஆராய்ச்சி நூலகத்தின் பெயர் தெரிந்திருக்காது. தாளில் தேதி போடுங்கள். அடுத்த தடவை தூசி தட்டும்போது பட்டியலில் உள்ளவை இன்னும் அங்கேயே இருக்கின்றனவா என்று சரிபார்த்துக்கொள்ளலாம்.